தீரு என்று கேட்ட சத்தம்

பேய் பார்த்தேன், மோகினி பார்த்தேன் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கள்ளுக்கடையிலிருந்து திரும்பி வருகிறவர்கள். நான் சொல்லப்போவது அந்த ரகமல்ல. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஒரு கூட்டமே நின்று மண் சுமந்த இடத்தில் நடந்தது. நான் அன்று குடித்திருக்கவில்லை. குடிக்கக் காசும் இல்லை.

பேய் பிசாசை மட்டுமல்ல, பரலோகத்தையும் நான் பெரிதாக நம்பியவன் அல்ல. என் அப்பா வேதக்காரர், எனக்கும் ஞானஸ்நானம் கொடுத்து யாக்கோபு என்று பேர் வைத்தார்கள், அவ்வளவுதான். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பனைமட்டையால் அடிப்பார், அதனால் நாலாம் வகுப்புக்குப் போகவில்லை. கொழும்பு, பினாங்கு, தைப்பிங் என்று கால் போன பக்கமெல்லாம் போய்க் கடைசியில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். வேதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆதாம், நோவா, தாவீது கல்லெறிந்தது, கிறிஸ்துமஸ். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் "இவன் சின்ன வயதில் படித்தது மனதில் கிடந்திருக்கும், அதுதான் காதில் கேட்டிருக்கும்" என்று நீங்கள் பின்னால் சொல்வீர்கள். படித்திருந்தால்தானே கிடப்பதற்கு.

எனக்கு வேலை கிடைத்ததெல்லாம் தொண்டையால்தான். கூலிகள் கூட்டமாக நின்று பாரம் இழுக்கும்போதும் மண் சுமக்கும்போதும் ஒருவன் பாட்டை எடுத்துக்கொடுக்கவேண்டும், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடவேண்டும், அப்போதுதான் கைகள் ஒன்றாக நகரும். எடுத்துக்கொடுக்கிறவன் நான். தண்டவாளம் போட்ட இடத்திலெல்லாம் "அந்தப் பாட்டுக்காரன் இருக்கானா?" என்று கேட்டுத்தான் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். என் குரல் ஒரு மைல் கேட்கும் என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, கதைக்குத் தேவை.

அப்போது கிள்ளானுக்குப் பக்கத்தில் போர்ட் சுவெட்டன்ஹாமில் ரயிலையும் கப்பலையும் சேர்த்துவைக்கத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடம் முழுக்கச் சேறு. பாக்காவ் மரம் தன் வேர்களை நண்டுக்கால் மாதிரி ஊன்றி நிற்கும், அதற்குள் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து போகும். கடல் விட்டுப்போன தண்ணீரில் கொசு, கொசுவால் காய்ச்சல். குளிர் வரும், நடுக்கம் வரும், பிறகு ஆளைப் பலகையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் துரை ஒரு யோசனை செய்தார்: கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளமாக ஒரு மண்கரை. கடல் உள்ளே வராது, நிலம் காயும், கொசு சாகும். அந்தக் கரை வேலைக்குத்தான் நாங்கள்.

கரைக்குப் பின்னால் சற்று மேட்டில் ஒரு கூலி லயம் இருந்தது. முதலில் வந்தவர்களுக்காகக் கட்டியது. கருங்கல் அடித்தளம், நல்ல மரத்தூண்கள், மண் தரை. அதில் குடியிருந்தவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் போனார்கள், மீதிப்பேர் சொல்லாமல் ஓடிப்போனார்கள். பிறகு அதில் யாரும் படுக்கமாட்டோம் என்றுவிட்டோம். வாசலில் போட்ட கோலம்கூட ஒரு மூலையில் மங்கலாக இருந்தது. நாங்கள் அத்தாப்பு ஓலைக் கூரைக் கொட்டகையில் கிடந்தோம், அது ஒழுகினாலும் பரவாயில்லை என்று. லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், ஆஸ்பத்திரிக் கொட்டகை. நோயாளிகளைப் பள்ளத்தில் வைத்தது யார் புத்தி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தக் கொட்டகையில்தான் ஞானமுத்து கிடந்தான்.

ஞானமுத்துவும் நானும் தைப்பிங்கிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். அவன் முழு வேதக்காரன். சோற்றைத் தட்டில் போட்டதும் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். "கண்ணத் தெறடா, கருவாட்ட நாய் தூக்கிட்டுப் போவுது" என்பேன். "உனக்காகவும் சேத்துத்தாம்ல ஜெபம் பண்ணுதேன், அதாம் நீளுது" என்பான். சண்டை போடாத நாள் கிடையாது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் வாந்தியை வாரியவன் அவன்தான். இப்போது அவனுக்கு வந்திருந்தது.

ஒரு பௌர்ணமிக்கு விடியற்காலையில் ஏறிய கடல் கரையை உடைத்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, கரையில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகிற அளவுக்கு உடைப்பு. உடைப்புக்கு நேர் பின்னால் பள்ளம், பள்ளத்தில் கொட்டகை. விடியற்காலைத் தண்ணீர் கொட்டகையின் வாசல்படியை நனைத்துவிட்டுத் திரும்பியிருந்தது. சாயங்காலம் ஏறுவது அதைவிட உயரமாக ஏறும் என்று படகோட்டி சொன்னார். அவர் பேர் பாக் சாலே, மலாய்க்காரர், மீன் பிடிக்கிறவர். அந்த நாட்களில் எங்களுக்குப் படகில் மண் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார். கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். நோயாளிகள் படுத்திருந்த பலகை என் முழங்காலுக்கு மேல் வராது.

தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். தொடை வரைக்கும் புதைகிற சேற்றில் ஒரு நோயாளியைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஞானமுத்துவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். மற்றவர்களுக்கும் அங்கே அவரவர் ஞானமுத்து ஒருவன் கிடப்பானே. ஆக, உடைப்பை அடைத்தாக வேண்டும்.

காலையிலிருந்து கொட்டினோம். கூடை கூடையாக மண். மண் தண்ணீரில் விழும், பால் மாதிரி கரையும், போய்விடும். கருங்கல் ரயிலில் வரும் என்றார்கள்; ரயில் வரவில்லை. வெயில் ஏற ஏறக் கடல் கீழே இறங்கிப் பின் நின்று, மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. எங்களை மேய்க்கிற மண்டோர் முனுசாமி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தான்.

"போதும்டா. எல்லாரும் ரயில் மேட்டுக்கு ஏறுங்க."

"கொட்டகையில கெடக்குறவங்க?" என்றேன்.

"துரைக்கு ஆள் அனுப்பிருக்கேன். படகு வரும்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்கு வந்து என்னத்த அள்ளப்போவுது?"

"டேய் பாட்டுக்காரா, உன் வேல பாடுறது. மண்டோர் வேல எனக்குத் தெரியும்."

"அப்ப பாடுறேன்" என்று சொல்லி உடைப்பில் இறங்கிப் பாட்டை எடுத்தேன். கோபத்தில் எடுத்த பாட்டு. கூடை கனக்குது, கும்பினி தூங்குது என்று ஏதோ வாய்க்கு வந்ததைக் கட்டினேன். ஒருவன் சிரித்தான், ஒருவன் பின்பாட்டு எடுத்தான், மேட்டுக்கு ஏறப்போனவர்கள் கூடையோடு திரும்பி வந்தார்கள். மண்டோர் குடையை மறுபடியும் விரித்தான்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். பாட்டின் நடுவில், நான் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில், சத்தம் கேட்டது.

"தீரு!"

ஒரே ஒரு சொல். ஓங்கிய குரல். பின்பாட்டு நின்றுவிட்டது. மறுபடியும், "தீரு!" பிறகு தெளிவாக, ஒவ்வொன்றாக: "கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணி நடுவுல போடு!"

ஞானமுத்துவின் குரல். எனக்குச் சந்தேகமே இல்லை. உடைந்த வெண்கலம் மாதிரி அவன் குரல் தனியாகத் தெரியும். எனக்கு மட்டும் கேட்டிருந்தால் வெயில் என்று விட்டிருப்பேன். எல்லாரும் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

"ஞானமுத்து கத்துறான்டா!"

"என்னத்தத் தீருங்குறான்?"

"வேலயத் தீருங்குறான், வேற என்னத்த. படுத்துக்கிட்டே மண்டோர் வேல பாக்குறான் பாரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று எனக்கு உறைத்தது. கொட்டகை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சத்தம் எங்களுக்கு முன்னால், கடல் பக்கமிருந்து வந்தது. பாக் சாலே படகில் எழுந்து நின்று வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதகுக் கதவுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்த சீனத் தச்சன் ஆ செங் உளியைக் கீழே போட்டுவிட்டு அதே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களுக்கும் தமிழ்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

யோசிக்க நேரமில்லை. சொன்னதில் நியாயம் இருந்தது: முதலில் கல், அதைப் பிடித்து நிறுத்த மரம், அதற்கு மேல் மண். நாங்கள் வெறும் மண்ணைப் போட்டதுதான் தப்பு. ஆனால் கல்லுக்கு எங்கே போவது?

எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த லயத்தைப் பார்த்தோம்.

"அதத் தொடாதீங்கடா," என்றான் மண்டோர். "சர்க்கார் சொத்து. துரை என் தோல உரிச்சிடுவாரு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அதுல செத்தவங்கல்லாம் இன்னும் போகலடா" என்றான்.

"போகலன்னா அவங்களும் ஒரு கை புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். தைரியத்தில் சொன்னதல்ல. பின்னால் யாரும் வரமாட்டார்களோ என்ற பயத்தில் சொன்னது. உள்ளே ஒரு தகரத் தட்டு, ஒரு கிழிந்த சாக்கு, சுவரில் கரியால் போட்ட ஒரு குலதெய்வத்தின் சூலம், பக்கத்தில் ஒரு சிலுவை. எந்தச் சாமியும் காப்பாற்றாத வீடு. நடுத்தூணில் தோளைக் கொடுத்து முட்டினேன், அசையவில்லை. அப்போது ஆ செங் கடப்பாரையோடு பக்கத்தில் வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. என்னைக் கையால் விலக்கிவிட்டு, தூணின் அடியில் ஒரு இடத்தைத் தேடிக் கடப்பாரையைச் செருகி நெம்பினான். கூரை பெருமூச்சு விடுவதுபோல் இறங்கியது. கட்டுகிறவனுக்குத்தான் பிரிக்கவும் தெரியும். முகத்தில் ஒன்றும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துக்கொண்டே போனான்.

அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. அடித்தளக் கல்லைப் பெயர்த்து உருட்டினோம். தூண்களைக் குறுக்கே அடித்தோம். தரை மண்ணைக்கூட வெட்டி அள்ளினோம், கோலத்தோடு. மண்டோர் முனுசாமியே வேட்டியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டிக்கொண்டு கல் தூக்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கல் நின்றது, மரம் நின்றது, மண் மட்டும் இடுக்குகளில் கசிந்து கசிந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது பாக் சாலே படகை உடைப்பின் வாயில் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். படகின் அடியிலிருந்து தன் வலையை எடுத்தார். அது அவர் பிழைப்பு, வேறு வலை அவருக்குக் கிடையாது. அதை உதறி, கல்லின் மேலும் மரத்தின் மேலும் போர்வை மாதிரி விரித்து, ஓரங்களில் கல்லை வைத்து அழுத்தினார். வலைமேல் விழுந்த மண் போகவில்லை. பிடித்துக்கொண்டது.

கடல் ஏறியது. பாக் சாலே காட்டிய உயரத்துக்கே ஏறியது. நாங்கள் கரைமேல் வரிசையாக நின்று, கசிகிற இடத்தில் காலையும் முதுகையும் கொடுத்து முட்டுக்கொடுத்தோம். உப்புத்தண்ணீர் என் வாயிலும் மூக்கிலும் போனது. கொட்டகை நனையவில்லை.

அந்த வேலை முழுவதும் பாட்டே இல்லாமல் நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தண்ணீர் திரும்பியதும் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கிற யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் வாசலில் நின்றார்.

"அவன் கத்தினது கரை வரைக்கும் கேட்டுச்சய்யா. அவனாலதான் அடச்சோம்" என்றேன்.

"ஆர் கத்தினது?"

"ஞானமுத்து."

"உமக்கும் காய்ச்சலோ? நேற்று மத்தியானத்திலயிருந்து அவன் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நாக்குத் தடிச்சு வாயை அடைச்சுக் கிடக்கு. தண்ணிகூட இறங்கேல்லை. வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். உதடு வெடித்து, நாக்கு கறுத்து, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் சத்தம் போட்டிருக்கமுடியாது. நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "தீரும்டா, தீரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன சொல்லையே அவனுக்குத் திருப்பிச் சொல்வதாக நினைப்பு. தீர்ந்தது. ஞானமுத்து பிழைத்தான். கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுல, நா ஒரு பெரிய தண்ணிக்குள்ள கெடந்த மாரி இருந்துச்சு" என்றான்.

என் தொண்டைதான் போனது. பேச்சு வரும், கத்தவும் வரும், பாட எடுத்தால் மட்டும் அடைத்துக்கொள்ளும். உப்புத்தண்ணீர் குடித்தது என்றார்கள். டிரஸ்ஸர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாட்டுக்காரனாக இல்லாவிட்டால் என்ன, சுமைக்காரனாக இருக்கலாமே. அம்பாங் ஈயச் சுரங்கத்துக்குப் போய் மண் சுமந்தேன். வருஷங்கள் போயின.

அம்பாங்கில் ஆ செங்கைப் பார்த்தேன். சுரங்கத்துத் தண்ணீரை ஏற்றும் மரச்சங்கிலிக்குப் பலகை செய்துகொண்டிருந்தான், முடி நரைத்திருந்தது. கடைத்தெரு மலாயில்தான் எங்கள் பேச்சு. காப்பி வாங்கிக் கொடுத்தான். துறைமுகத்தில் கிடங்கு கட்டத் தன்னைக் கூப்பிட்டார்கள், நல்ல காசு, போகவில்லை என்றான்.

"ஏன்?"

"நம்ம உடைப்பு இருந்த இடத்துல கட்டுறாங்க லா. அங்க கட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே."

"யாரு சொன்னா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீ அன்னைக்கு அங்கதானே நின்ன? கடல்லேருந்து ஒரு ஆள் கத்துனானே. இனி இந்த இடத்துல கட்டாதே, இனி எப்பவும் கட்டாதேன்னு. நல்ல ஹொக்கியன் சீனம். எங்க ஊர்ப்பக்கத்துப் பேச்சு. நான் திரும்பிப் பாக்குறேன், அந்தக் கரையில என்னை விட்டா வேற ஹொக்கியன் ஆளே இல்ல. அதான் கடப்பாரைய எடுத்துக்கிட்டு வந்தேன். கட்டாதேன்னா பிரிக்கணும்னு அர்த்தம் இல்லையா?"

காப்பி ஆறிவிட்டது. நான் என் பங்குக்கு எனக்குக் கேட்டதைச் சொன்னேன். "மரம்? கல்லு?" என்றான். "அது எனக்குக் கேக்கல."

மறுநாளே ரயில் ஏறிப் போனேன். சம்பளம் போனால் போகட்டும். கரை இருந்தது, கெட்டியாகப் புல் முளைத்து நீளமாகப் போனது. நாங்கள் அடைத்த இடம் மட்டும் மொட்டையாக, பாறை மாதிரி. பக்கத்தில் கிடங்குக்குத் தோண்டிய அஸ்திவாரம் ஒரு பக்கம் சாய்ந்து, பாதியில் விட்டுக் கிடந்தது. அந்த மொட்டை இடத்தில் வரிசையாக வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் உட்கார்ந்து கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பாக் சாலேயின் மகன். அப்பா காலமாகிவிட்டார் என்றார்.

"வீட்டுப்பக்கத்துல எடம் இருக்கே, இவ்வளவு தூரம் ஏன் தூக்கிட்டு வர்றீங்க?"

"அப்பா சொல்லிட்டுப் போனாரு. அவருக்குக் கடல்லேருந்து ஒரு குரல் சொல்லுச்சாம், ஜெமோர் ஜாலா டி சினின்னு. வலைய இங்க விரின்னு. ஒரு தடவதான் சொல்லுச்சு, ஆனா நிறுத்துன்னு சொல்லலியே."

வலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மூன்று பேர், மூன்று பாஷை, ஒரே சத்தம், ஆளுக்கு ஒரு துண்டு. ஆளாளுக்குத் தன் துண்டைச் செய்திருக்கிறோம். மூன்றும் சேர்ந்துதான் கரை நின்றிருக்கிறது. அது வரைக்கும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. யாரோ நல்லவர் நமக்கு வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். நானே கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த நிலையில்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு ஞானமுத்துவைப் பார்க்கப் போனேன். அவனுக்கு ரயில்வேயில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி ராகேல் கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தவர். விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். முதலில் ஒரு பாட்டு, பிறகு வேதத்தில் ஒரு அதிகாரம். பிடித்ததைத் தேடி வாசிப்பதில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்கு ஒன்று, வரிசையாக. பாட்டு நடக்கும்போது நானும் எழுந்து நின்று வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

"அண்ணனுக்குப் பாட்டு வராதோ?" என்று ராகேல் கேட்டார்.

"இவனா? இவன் பாடுனா கிள்ளான்ல பாடுறது இங்க கேக்கும்," என்றான் ஞானமுத்து. "இப்ப என்னமோ பிகு பண்ணுதான்."

ராகேல் வேதத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார். எசேக்கியேல் தீர்க்கதரிசி. எனக்குப் பாதி புரியவில்லை, கொட்டாவி வந்தது. நடுவில் அந்தச் சொல் வந்தது.

தீரு.

"நில்லுங்க, நில்லுங்கம்மா. அது என்ன சொல்லு?"

"தீருவா? அது ஒரு பட்டணத்துப் பேருண்ணே. கடற்கரையில இருந்த பெரிய பட்டணம், ஊர் ஊரா கப்பல் விட்டு வியாபாரம் பண்ணுனவங்க. அது அழியும்னு தீர்க்கதரிசி சொல்லுறாரு."

"பட்டணமா? வேலையத் தீருன்னு சொல்றது இல்லையா?"

சிரித்தார். "இல்லண்ணே. இது சாபம்."

ஞானமுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தச் சத்தத்தின் கதை தெரியும். மெல்ல வாசிக்கச் சொன்னேன். மதில்களை இடிப்பார்களாம், நல்ல வீடுகளைத் தகர்ப்பார்களாம். அந்தப் பட்டணத்தின் கல்லையும் மரத்தையும் மண்ணையும் எடுத்துத் தண்ணீருக்கு நடுவே போடுவார்களாம். அது மொட்டைப் பாறையாகுமாம், வலை விரிக்கிற இடமாகுமாம். இனி ஒருபோதும் கட்டப்படாதாம்.

அத்தனையும் இருந்தது. எங்கள் துண்டு, பாக் சாலேயின் துண்டு, ஆ செங்கின் துண்டு.

"அப்படியே நடந்துச்சாம்ணே," என்றார் ராகேல், பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற குரலில். "ரொம்பக் காலம் கழிச்சு ஒரு கிரேக்க ராஜா வந்தான். ஜனங்க கரையில இருந்த பழைய பட்டணத்த விட்டுட்டுக் கடலுக்குள்ள ஒரு தீவுல இருந்தாங்க. அவன் அந்தப் பழைய பட்டணத்தோட இடிபாட்ட எல்லாம் வாரிக் கடல்ல கொட்டி, தீவுக்குப் பாதை போட்டுட்டான். சரித்திரத்துல இருக்கு. அவனுக்குத் தீர்க்கதரிசனம் எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு வேலையச் செஞ்சான்."

அவன் பாட்டுக்கு வேலையைச் செய்தான். நாங்களும் அப்படித்தான். ஒரு ஊரின் சாபத்தைக் கேட்டு, அதை வேலைக்கான உத்தரவு என்று நினைத்து, செத்தவர்களின் வீட்டைப் பிரித்துக் கடலில் போட்டிருக்கிறோம். அதனால் ஒரு கொட்டகை முழுக்க ஆட்கள் பிழைத்தார்கள், அதில் ஒருவன் என் எதிரே உட்கார்ந்திருக்கிறான். சாபம் எப்படி ஆளைப் பிழைக்கவைக்கும் என்று நான் கேட்காத வேதக்கோயில் ஐயர் இல்லை. ஒருவர் கர்த்தரின் வழிகள் ஆராயமுடியாதவை என்றார். இன்னொருவர் என் வாயை மோந்து பார்த்தார்.

ஆனால் நான் சொல்லவந்தது அது இல்லை. அன்று ராகேல் வேதத்தை மூடப்போனபோது ஞானமுத்து, "ஒரு வசனத்த விட்டுட்டியே, ராகேல்" என்றான்.

"எத?"

"கல்லு மரத்துக்கும் வலைக்கும் நடுவுல ஒண்ணு இருக்குல்லா."

இருந்தது. வாசிக்கும்போது கண் தவறித் தாண்டிவிட்டார். விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அந்தப் பட்டணத்தின் பாட்டுச் சத்தத்தை ஓயப்பண்ணுவேன் என்று இருக்கிறதாம்.

ஞானமுத்து என் தொண்டையைப் பார்த்தான். நான் கையை அங்கே வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் துண்டு மட்டும் எந்தப் பாஷையிலும் யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது நானும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறேன், ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறேன். நம்புகிறேனா என்று கேட்காதீர்கள்; பாட்டுக்குப் போகிறேன். எல்லாரும் எழுந்து நிற்கும்போது நானும் நின்று முதல் வரியில் வாயைத் திறக்கிறேன். என்னை ஊமை என்று நினைக்கிறவர்கள் உண்டு, பக்கத்தில் நிற்கிறவர்கள் பாவம் என்று பாட்டுப்புத்தகத்தை என் பக்கம் தள்ளிப் பிடிக்கிறார்கள். ஒரு வாரம்கூட விட்டதில்லை. பாட்டை ஓயப்பண்ணுவேன் என்று சொன்னவர் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வரைக்கும் விடுவதாக இல்லை. வாயைத் திறந்ததும் ஒவ்வொரு தடவையும் நாக்கின் அடியில் உப்புத்தண்ணீர் ஊறுகிறது, குளிர்ச்சியாக, ஏறுகிற கடல் மாதிரி. நான் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்கு மறுபடியும் திறக்கிறேன்.